அலைச்சார்பு எப்போது குலைகிறது? நான்கு பதில்களும், நான் ஜிஆர்டபிள்யூ பக்கம் வந்த காரணமும்

குவாண்டம் இயற்பியலில் ஒரு துகளுக்குள்ள எல்லாச் சாத்தியங்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்குதான் அலைச்சார்பு; அளந்ததும் அவற்றில் ஒன்று மட்டும் மிஞ்சுவதைத்தான் குலைவு என்கிறோம். அளந்தால் அலைச்சார்பு ஏன் குலைகிறது என்று மாணவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவன் நான். ஏதாவது ஒரு பக்கம் நின்றால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். கோப்பன்ஹேகன், பல உலகம், போம், ஜிஆர்டபிள்யூ என இதற்குத் தரப்படும் நான்கு விளக்கங்களையும் படித்து, யோசித்து, கடைசியில் ஜிஆர்டபிள்யூ பக்கம் வந்து நிற்கிறேன். நான்கையும் ஒரே சோதனையின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் எனக்கு வசதி.

1922, பிராங்பர்ட். ஓட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளியை உலையில் ஆவியாக்கி, மெல்லிய கற்றையாகச் சீரில்லாத காந்தப்புலத்தின் வழியே அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்து கண்ணாடித் தட்டில் படிந்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர். படிந்த வெள்ளி முதலில் கண்ணுக்கே தெரியவில்லை என்றும், தான் பிடித்த மலிவான சுருட்டின் புகையிலிருந்த கந்தகம் பட்டுக் கறுத்த பிறகுதான் கோடுகள் தெரிந்தன என்றும் ஸ்டெர்ன் பின்னாளில் சொன்னார்.

அலைச்சார்பு எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி ஒவ்வொரு அணுவின் அலைச்சார்பும் இரண்டு பாதையிலும் போகிறது. தட்டிலோ அணு ஏதோ ஒரு கோட்டில்தான் இருக்கிறது. எப்போது ஒன்றானது? தட்டில் பட்டபோதா, புகை பட்டபோதா, ஸ்டெர்ன் குனிந்து பார்த்தபோதா?

கோப்பன்ஹேகன் பார்வை, அதாவது பாடநூல்களில் வழக்கமாக வரும் விளக்கம், இதற்குத் தேதி குறிப்பதில்லை. அளவிடும் பொருளுக்கும் கருவிக்கும் நடுவே எங்கே கோடு கிழித்தாலும் நிகழ்தகவு மாறாது என்பதைக் கணிதவியலாளர் ஃபான் நாய்மன் 1932-லேயே காட்டிவிட்டார். கணக்குப் போட இது போதும். என்ன நடந்தது என்று கேட்பவருக்குப் போதாது. டிகோஹிரன்ஸ் வந்து காப்பாற்றிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். சுற்றுப்புறத்தோடு பின்னிக்கொண்டதால் குறுக்கீட்டு விளைவு (இரண்டு பாதையின் அலைகளும் ஒன்றோடொன்று கலப்பது) ஏன் மறைகிறது என்பதை அது அருமையாக விளக்குகிறது. ஆனால் இரண்டு சாத்தியங்களில் ஒன்று மட்டும் ஏன் நடந்தது என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கிறது.

பல உலகம், 1957-இல் ஹியூ எவரெட் கொடுத்தது. குலைவே இல்லை, அணு மேல் கோட்டில் விழுந்ததைப் பார்த்த ஸ்டெர்னும் உண்டு, கீழ்க் கோட்டில் விழுந்ததைப் பார்த்த ஸ்டெர்னும் உண்டு. சமன்பாட்டில் கை வைக்காத அழகு இதற்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே நடக்கும் என்றால் 70 சதவீத வாய்ப்பு, 30 சதவீத வாய்ப்பு என்பதற்கு என்ன பொருள்? இதற்குத் தரப்படும் விளக்கங்கள் இதுவரை என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

1952-இல் டேவிட் போம் சொன்னது எளிமையானது. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை வழிநடத்துகிறது. அணு ஆரம்பத்திலிருந்தே ஒரே பாதையில்தான் போனது. தொலைவில் நடப்பது இங்கே உடனே பாதிக்கும் என்பதைச் சகித்துக்கொண்டால் தெளிவான கதை.

இந்த மூன்றிலும் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இன்று செய்யக்கூடிய எந்தச் சோதனையிலும் மூன்றும் ஒரே விடையைத்தான் தருகின்றன. எது சரி என்று வாழ்நாள் முழுக்க விவாதிக்கலாம், எந்தக் கருவியும் நடுவே வந்து தீர்ப்புச் சொல்லாது. தோற்கக்கூடிய ஒரு கருத்து வேண்டும் என்பதுதான் என் தேர்வை முடிவு செய்தது.

கிரார்டி, ரிமினி, வெபர் என்ற மூன்று இத்தாலியர்கள் 1986-இல் வெளியிட்டதுதான் ஜிஆர்டபிள்யூ. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டையே கொஞ்சம் மாற்றினார்கள். ஒவ்வொரு துகளின் அலைச்சார்பும், யாரும் அளக்காமலேயே, எப்போதாவது தானாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகலத்துக்குள் சுருங்கும். எப்போதாவது என்றால் சராசரியாகச் சுமார் 30 கோடி ஆண்டுக்கு ஒருமுறை. வெள்ளி அணுவில் நூற்றுச் சொச்சம் அணுக்கருத் துகள்கள். அந்தக் கணக்கில் ஒரு அணுவின் அலைச்சார்பு சுருங்க சுமார் 30 லட்சம் ஆண்டு ஆகும். உலையிலிருந்து தட்டுக்குப் போகும் நேரமோ ஒரு மில்லி வினாடிகூட இல்லை. ஆகவே வழியில் அணு இரண்டு பாதையிலும்தான் போகிறது, நாம் பார்க்கும் குறுக்கீட்டு விளைவு எதுவும் கெடுவதில்லை.

இப்போது தட்டுக்குப் பதிலாக, அணு மேலே போனால் ஒரு பக்கமும் கீழே போனால் மறுபக்கமும் சாயும் முள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முள்ளில் ஒன்றுக்குப் பின் 23 சுழியங்கள் போட்ட எண்ணிக்கையில் துகள்கள். ஏதோ ஒன்று சுருங்கினால் போதும், பின்னிக்கிடக்கும் மற்ற எல்லாமும் அதனோடு சேர்ந்து ஒரு பக்கம் வந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு. பார்ப்பவர் யாரும் தேவையில்லை, அளவீடு என்ற சொல்லே விதிக்குள் வரவில்லை.

ஸ்டெர்னின் கண்ணாடித் தட்டுதான் சங்கடம். அங்கே ஒட்டிக்கொண்ட ஒற்றை அணு பெரிதாக எதையும் நகர்த்தவில்லை. இதே மாதிரி ஒளிரும் திரையை வைத்து டேவிட் ஆல்பர்ட்டும் லெவ் வைட்மனும் 1989-இல் கேட்டார்கள்: திரையில் அசைவது சில அணுக்கள்தான், அப்படியென்றால் குலைவு பார்ப்பவரின் நரம்பு மண்டலம் வரை தள்ளிப்போகுமே? தள்ளிப்போகும்தான். கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் எத்தனை துகள், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று எண்ணிப் பார்த்து நேரத்தைச் சொல்ல முடிகிறது. கோப்பன்ஹேகனில் எண்ணிப் பார்க்க ஒன்றுமே இல்லை.

அப்புறம் சோதனைகள். வியன்னாவில் 1999-இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறிலும், 2019-இல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறிலும் குறுக்கீட்டு விளைவைக் காட்டினார்கள். ஜிஆர்டபிள்யூ இதில் தப்பிவிடுகிறது. அந்தப் பெரிய மூலக்கூறுக்கும் ஒரு சுருக்கத்துக்குப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். வேறு வழியும் உண்டு. தானாகச் சுருங்கும்போது மின்னூட்டமுள்ள துகள் லேசாக உதைபட்டுக் கதிர்வீச்சை வெளியிட வேண்டும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில், சுமார் 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, ஜெர்மானியம் உணரியை வைத்து அதைத் தேடினார்கள். ஈர்ப்புவிசைதான் குலைவுக்குக் காரணம் என்ற டியோசி–பென்ரோஸ் கருத்தின் எளிய வடிவம் 2020-இல் அந்தச் சோதனையில் தோற்றுப்போனது. என் கட்சியின் உறவுக்காரர் தோற்றார், ஆனாலும் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மற்ற மூன்று பேருக்கும் இப்படித் தோற்கும் வாய்ப்பே கிடையாது.

குறைகளும் உண்டு. அந்த 30 கோடி ஆண்டும் சுருங்கும் அகலமும் கையால் எடுத்து வைத்த எண்கள். சார்பியலோடு இதை முழுதாக இணைப்பது கடினமான வேலை. குவாண்டம் புலக் கோட்பாட்டில் நான் வேலை செய்தவன் இல்லை, அதனால் அந்தப் பக்கம் அழுத்திப் பேச மாட்டேன்.

1986-இல் வைத்த அந்த எண்களைச் சோதனைகள் இன்னும் எட்டவில்லை. எட்டி, அங்கேயும் ஒன்றும் சிக்காவிட்டால் போமின் பக்கம் போவேன், பல உலகத்துக்கு அல்ல.