இடுப்பு எலும்பு உடைந்தால் சிங்கப்பூரிலேயே ஆபரேஷனா, திருச்சிக்குக் கூட்டி வருவதா?

சிங்கப்பூருக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் வயதான அம்மாவோ அப்பாவோ குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டால், குடும்பத்துக்கு முன்னால் இரண்டு வழிகள்தான். அங்கேயே ஆபரேஷன் செய்துகொள்வது, அல்லது வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு விமானம் ஏறி ஊரில் வந்து பார்த்துக்கொள்வது. என் அம்மாவுக்கு நாங்கள் முதல் வழியை எடுத்தோம். திருச்சியிலிருந்து தம்பி, சித்தப்பா என்று போனில் பேசிய எல்லோரும் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். இன்றைக்கு யார் கேட்டாலும் அங்கேயே செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊருக்கு வரச் சொல்பவர்களின் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செலவு குறைவு, பழகின டாக்டர், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, வாய்க்குப் பிடித்த சாப்பாடு. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. சிங்கப்பூரில் அரசு மருத்துவமனையாக இருந்தாலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணம்தான், சேர்க்கும்போதே முன்பணமும் கேட்பார்கள். பணத்தை மட்டும் பார்த்தால் ஊர்தான் ஜெயிக்கும்.

ஆனால் இந்த முறிவில் பணத்தை விடப் பெரிய விஷயம் நேரம். கை எலும்பு மாதிரி கட்டுப் போட்டுக் காத்திருக்க முடியாது. இடுப்பு எலும்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்பகுதி உடைவதுதான். அப்படி உடைந்தவர் ஆபரேஷன் ஆகும் வரை புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடப்பார், அந்தக் கிடைதான் எமன். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், முதுகில் படுக்கைப் புண் வரும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போகலாம், வயதானவர்களுக்குத் திடீரென்று ஆள் தெரியாமல் பிதற்றும் குழப்பமும் வரும். அதனால்தான் பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டி, மருத்துவமனையில் சேர்ந்த அன்றைக்கோ மறுநாளோ ஆபரேஷன் நடக்க வேண்டும் என்கிறது. 48 மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள் என்பதுதான் பொதுவாக எலும்பு டாக்டர்கள் சொல்வதும்.

சரி, அந்த 48 மணி நேரத்துக்குள் திருச்சிக்கு வந்துவிட முடியாதா? பறக்கும் நேரம் நாலு மணி நேரம்தானே என்று தம்பி கேட்டான். பறக்கும் நேரம் உண்மையில் கணக்கிலேயே வராது. இடுப்பு உடைந்தவரால் விமான இருக்கையில் உட்கார முடியாது, ஸ்ட்ரெச்சர் வேண்டும். பட்ஜெட் விமானங்கள் பெரும்பாலும் ஸ்ட்ரெச்சரை ஏற்றுவதில்லை, சிங்கப்பூர்–திருச்சி நேரடி விமானங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். பெரிய நிறுவனங்களில் ஸ்ட்ரெச்சர் வைக்க ஆறிலிருந்து ஒன்பது இருக்கைகள் வரை பிடித்துக்கொள்ளும், அத்தனைக்கும் நாம்தான் கட்ட வேண்டும், கூடவே ஒரு நர்ஸோ டாக்டரோ வர வேண்டும். அதற்கு முன்னால் 'மெடிஃப்' என்ற படிவத்தைச் சிகிச்சை கொடுக்கும் டாக்டர் நிரப்பித் தந்து, விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு ஒப்புதல் தர வேண்டும். இதற்கே இரண்டு மூன்று நாள் ஆகலாம். அப்புறம் சென்னையில் இறங்கி, ஆம்புலன்ஸில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், மறுபடி எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, இதய டாக்டரின் ஒப்புதல் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். எப்படிக் கூட்டினாலும் ஆபரேஷன் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோதான் வரும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். இவ்வளவு செலவழித்த பிறகு ஊரில் மிச்சமாகும் என்று நினைத்த பணமும் பெரிதாக மிஞ்சாது. ஏர் ஆம்புலன்ஸ் வேகம்தான், ஆனால் அது பல லட்சம் ரூபாய் விவகாரம். இன்சூரன்ஸில் அதற்கு இடம் இருந்தாலும், அங்கேயே நல்ல சிகிச்சை கிடைக்கும்போது மருத்துவக் காரணம் இல்லாமல் அதற்குச் சம்மதிப்பது அரிது.

அங்கேயே செய்வது என்று முடிவெடுத்தால் 995க்கு அழையுங்கள். உண்மையான அவசரத்துக்கு அந்த ஆம்புலன்ஸ் இலவசம், எந்த மருத்துவமனை என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். போகிற வழியிலேயே இன்சூரன்ஸ் உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், பில்லை நாங்கள் ஏற்கிறோம் என்ற உத்தரவாதக் கடிதம் அவர்களிடமிருந்து மருத்துவமனைக்கு வர வேண்டும். பழைய நோயால் விழுந்ததா என்று பார்க்க, இன்சூரன்ஸ்காரர்கள் எங்களிடம் அம்மாவின் பழைய சுகர், பிரஷர் விவரங்களைத் துருவித் துருவிக் கேட்டார்கள். வழுக்கி விழுந்தது விபத்து என்பது அவசரப் பிரிவு டாக்டரின் குறிப்பிலேயே தெளிவாக இருந்தது எங்களுக்குப் பெரிய பலம், அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைப் பட்டியலை மருந்தின் மூலப்பெயரோடு வைத்திருங்கள். எகோஸ்பிரின் என்றால் அங்கே புரியாமல் போகலாம், ஆஸ்பிரின் என்றால் உடனே புரியும். குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையவிடாத மாத்திரை சாப்பிடுபவருக்கு முதுகில் மயக்க ஊசி போடுவதா என்ற முடிவே அந்தப் பட்டியலை வைத்துத்தான் எடுப்பார்கள்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு இந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று என் அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எங்களுக்கு இருந்தது. இல்லாதவர்கள் மருத்துவமனையின் சமூக நலப் பிரிவிடம் தவணை பற்றிப் பேசிப் பாருங்கள், இந்தியத் தூதரகத்துக்கும் சொல்லி வையுங்கள். கதியற்ற நிலையில் இருக்கும் இந்தியர்களுக்கு அவசரச் சிகிச்சைக்கு உதவ நலநிதி ஒன்று உண்டு, ஆனால் அது வசதியைப் பார்த்துத்தான் தருவார்கள். தனியார் மருத்துவமனைப் பக்கம் நாங்கள் போகவில்லை, அதனால் அதையும் இங்கே சேர்க்கவில்லை.

ஆபரேஷன் ஆனபின் ஊர் திரும்புவது முற்றிலும் வேறு கதை. மறுநாளே நிற்க வைத்து நடக்கப் பழக்கினார்கள். உட்கார முடிகிறவருக்கு ஸ்ட்ரெச்சர் தேவையில்லை, சக்கர நாற்காலி போதும். டிக்கெட்டில் 'டபிள்யூசிஹெச்சி' என்று பதியச் சொல்லுங்கள், அதுதான் இருக்கை வரை கொண்டுபோய் விடும் வகை. 'டபிள்யூசிஹெச்ஆர்' என்று போட்டால் படியேறத் தெம்புள்ளவர் என்று எடுத்துக்கொள்வார்கள். எப்போது பறக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி பயணத்துக்கும் ஊரில் தொடரவும் கையில் இருக்கட்டும். அங்கே தங்க அனுமதித்த நாள் முடியப்போனால் குடிநுழைவுத் துறையிடம் இணையத்திலேயே நீட்டிப்பு கேட்கலாம், மருத்துவமனைக் கடிதத்தை இணைத்துவிடுங்கள்.

எல்லா முறிவுக்கும் நான் இதையே சொல்லவில்லை. மணிக்கட்டு உடைந்து, எலும்பு நேராக இருந்து, கட்டோடு நடமாட முடிகிறது என்றால் தாராளமாக ஊருக்கு வந்து மற்றதைப் பார்க்கலாம். முழு மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் மட்டும், வீக்கத்துக்கு இடம் விட்டுக் கட்டைப் பிளந்து தரச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.