கடைமடைக்கு வராத வாட்: 30 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிள், ஒரு மதிப்புரை

கொல்லையில் நிறுத்தியிருக்கும் கம்பத்தின் 145 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோ ஆன்டெனாவுக்காக, தஞ்சாவூர்க் கடையொன்றில் கனெக்டர் பொருத்திய 30 மீட்டர் ஆர்.ஜி.-58 கோஆக்சியல் கேபிளை வாங்கித் திருத்துறைப்பூண்டிக்குக் கொண்டுவந்தேன். இணைத்ததும் ரேடியோவின் அருகிலிருந்த எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், அதாவது அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி, 1.2 காட்டியது; எதுவும் திரும்பாவிட்டால் அது 1 காட்டும். மன்னார்குடி நண்பரோ என் குரல் இரைச்சலில் அமிழ்வதாகவே சொல்லிவந்தார். கடைக்காரரிடம் கேட்டபோது, "1.2 காட்டுதுன்னா கேபிள்ல குறையே இல்ல சார்" என்றார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மாலையில், ஆற்றலைக் குறைத்து வைத்து, ஆன்டெனாவையே கழற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். முனை திறந்திருந்தால் சென்ற அலை முழுவதும் திரும்ப வேண்டும். முள் கோடிக்கே ஓட வேண்டும். அது 1.7-இல் நின்றது.

இந்த அலைவரிசையில் இவ்வகைக் கேபிள் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்றுவிடுகிறது. 30 மீட்டருக்கு 6 டெசிபல், அதாவது அனுப்பும் ஆற்றலில் முக்கால் பங்கு இழப்பு. 20 வாட் அனுப்பினால் முனைக்கு 5 வாட் சேர்கிறது. அது அப்படியே எதிரொலித்தாலும், திரும்பும் வழியிலும் அதே அளவு தேய்ந்து 1.25 வாட்டாகத்தான் மீட்டருக்கு வருகிறது; அதனால்தான் முள் 1.7-இல் நின்றது. கணக்கைத் திருப்பிப் போட்டால், நான் மகிழ்ந்த அந்த 1.2 ஆன்டெனா முனையில் 2-ஐத் தாண்டியிருந்திருக்கிறது. கல்லணையில் திறந்த நீர் வழியெல்லாம் ஊறிப்போனபின் கடைமடையில் ஷட்டரை அடைத்தாலும், தலைமடையில் மட்டம் ஏறித் தெரிவதில்லை. கடைமடைக்காரனான எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

இந்த இழப்பு கேபிளின் இனத்துக்கே உரியது, அதற்காகக் கடையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கனெக்டரைப் பிரித்தபோது, செம்புப் பின்னலைப் பற்றவைக்காமல் வெறுமனே திணித்திருந்தது தெரிந்தது. ஒரு பருவமழைக்குள் அதில் களிம்பு ஏறியிருந்தது. அது கடையின் பிழைதான்.

உறை உறுதியானது, கேபிள் நன்றாக வளைகிறது. இதே 30 மீட்டர் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபலை ஒட்டித்தான் இழக்கும் என்பதால், கனெக்டர்களை மாற்றி, தென்னைகளுக்கிடையே கட்டிய டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவுக்கு அதைக் கொடுத்துவிட்டேன். கம்பத்துக்கு இப்போது இழப்பு குறைந்த, தடித்த ஆர்.ஜி.-213 கேபிள் போகிறது, அதன் முனையைத் திறந்துவிட்டால் மீட்டர் 3-ஐத் தாண்டுகிறது.