மழையில் நனையும் வில்லுக்கு எந்த ரெஸ்ட்: ட்ரொப் அவே, பிஸ்கட், பிளேட்

அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போனால் எல்லாரும் முதலில் ரெஸ்டை, அதாவது வில்லில் அம்பைத் தாங்கும் பாகத்தைத்தான் கழற்றுகிறார்கள். அதற்கு முன் நாணைப் பாருங்கள். நாணில் கட்டிய சிறு கயிற்று வளையமான டி-லூப் ஒரு மில்லிமீற்றர் நழுவியிருந்தாலோ, கொம்பவுண்ட் வில்லின் இரு முனைச் சக்கரங்களான மேல் கேமும் கீழ்க் கேமும் ஒன்றாகச் சுற்றி நிற்காவிட்டாலோ, எந்த ரெஸ்டைப் பூட்டினாலும் அதே ஆட்டம்தான்.

தொடக்க அளவு மூன்று வகைக்கும் ஒன்று. அம்பின் நடு, ரெஸ்ட் பூட்டும் துளையின் நடுவுக்கு நேராக வரவேண்டும். ரைசரிலிருந்து (வில்லின் பிடியுள்ள நடுப்பகுதி) அம்பின் நடுவுக்கு 13/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 20.6 மி.மீ. சில வில்களுக்குத் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருப்பார். அப்படியானால் அதுவே கணக்கு. அம்பு நாணுக்குச் செங்கோணமாக இருக்கட்டும்.

இலங்கை மலைநாட்டில் ரெஸ்டைச் சோதிப்பது ஈரம். ஹட்டன் பக்கம் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது. மழை நின்ற நாளிலும் பின்னேரம் மூடுபனி இறங்கிவிடும். வெயில் நாட்டில் எழுதிய அறிவுரை இங்கே பாதிதான் பொருந்தும்.

பிஸ்கட் என்பது வட்டமான பிரஷ். அம்பு அதன் நடுத்துளையில் உட்கார்ந்திருக்கும். சரிவில் எப்படிச் சாய்ந்து நின்றாலும் விழாது. பழகுபவருக்கும், பலர் மாறி மாறி எய்யும் ஒரே வில்லுக்கும் இதைவிட நல்லது இல்லை. விலையாக, வேகத்தில் வினாடிக்குச் சில அடி போகும். பறவை இறகு ஒட்டிய அம்பை இதில் எய்யாதீர்கள், பிய்த்துவிடும். பிளாஸ்டிக் இறகு போதும். மற்ற இரண்டிலிருந்து நிறம் வேறுபட்ட ஒற்றை இறகு மேலே இருக்கட்டும். இறகு அலையலையாக நெளிந்தால் கேத்தலில் கொதித்த தண்ணீரில் சில வினாடி முக்கி எடுங்கள், நிமிர்ந்துவிடும். பிஸ்கட்டின் பெரிய நோய் தேய்மானம். அடிமயிர் தேய்ந்தால் அம்பின் முன்பக்கம் தாழும், வால் மேலே தூக்கும். நொக்கை, அதாவது நாணில் அம்பின் வால் பொருந்தும் இடத்தைக் கீழே இறக்கி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு; பிரஷை மாற்றுவதுதான் வழி.

பிளேட் என்பது அம்பைத் தாங்கும் மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடு. சாதாரண அம்புக்கு 0.010 அங்குலத் தடிப்பு, மெல்லிய இலேசான அம்புக்கு 0.008, கனமானதற்கு 0.012. காற்றில்லாத திடலில் இதன் சீரை அடிக்க முடியாது. ஆனால் மலைக்காற்று ஒரு வீச்சு வீசினால் அம்பு தகட்டிலிருந்து சரியும். பனியில் துருவும் பிடிக்கும்; எய்து முடித்ததும் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள். விளிம்பில் கீறல் தெரிந்தால் அந்தத் தகட்டின் ஆயுள் முடிந்தது.

ட்ரொப் அவேயில் ஒரு சிறு கை அம்பைத் தாங்கிவிட்டு, இறகு வருமுன் கீழே விழுந்துவிடும். இதிலேயே இரண்டு வகை. கேபிள் வகையில், நாணை இழுக்கும்போது கீழிறங்கும் வில்லின் கேபிள், அதில் கட்டிய கயிற்றை இழுத்துக் கையை உயர்த்தும். லிம்ப் வகையில் லிம்பில் (வில்லின் வளையும் பகுதி) கட்டிய கயிறு கையைக் கீழே பிடித்திருக்கும். லிம்ப் வளைந்ததும் கயிறு தளர்ந்து, ஸ்பிரிங் கையைத் தூக்கும். கயிறு அறுந்தால் வித்தியாசம் புரியும். கேபிள் வகையில் கை எழும்பவே எழும்பாது. லிம்ப் வகையில் கை மேலேயே நிற்கும், அப்படியே தொடர்ந்து எய்து அன்றைய நாளை முடிக்கலாம்.

கேபிள் வகையில் கை, இழுவையின் கடைசி ஓர் அங்குலத்துக்குள் முழுதாக உயரவேண்டும். பலகையைக் குறிபார்த்து அம்போடு இழுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கட்டும். நனைந்த கயிறு கட்டிலிருந்து மெல்ல நழுவும். கட்டிய இடத்தில் கேபிளின் மேல் பேனாவால் கோடு போட்டு வைத்தால் நழுவியது கண்ணில் படும். லிம்ப் வகையில், இழுக்காத நிலையில் கை முழுதாகப் படுத்து, கயிறு சற்றே இறுகி நிற்கவேண்டும். தளர்ந்திருந்தால் கை தாமதமாக விழுந்து இறகில் தட்டும்.

தட்டுகிறதா என்று அறிய முகப்பவுடர் போதும். ரெஸ்டிலும் அதற்குக் கீழே உள்ள ரைசரின் தட்டிலும் தூவி ஓர் அம்பு எய்யுங்கள். பவுடரில் கோடு விழுந்த இடம்தான் இறகு உரசிய இடம். ட்ரொப் அவேயில் கை தட்டில் மோதித் திரும்பத் துள்ளுவதும் உண்டு. அங்கே ஒட்டிய ஃபெல்ட் (மெத்தென்ற கம்பளித் துணி) ஈரத்தில் உரிந்திருக்கும், புதிதாக ஒட்டுங்கள்.

பிறகு தாள் சோதனை. சட்டத்தில் தாளை இழுத்துக் கட்டி 2 மீற்றரில் நின்று மூன்று அம்பு. வால் மேலே கிழித்தால் ரெஸ்டை உயர்த்துங்கள், கீழே கிழித்தால் இறக்குங்கள். பக்கவாட்டுக் கிழிசலுக்கு 1/32 அங்குலம் மட்டும் நகர்த்திப் பாருங்கள். கிழிசல் பெருத்தால் எதிர்ப்பக்கம். தேயிலைச் சரிவை நோக்கி இதைச் செய்யாதீர்கள், தாளைத் தாண்டிய அம்பு கொழுந்து பறிக்கும் நிரையில் போய் இறங்கும். மண்மேடு பின்னால் இருக்கட்டும்.

பொது வில்லுக்குப் பிஸ்கட். 50 மீற்றரில் புள்ளி எண்ணுபவருக்கு லிம்ப் வகை ட்ரொப் அவே. பிளேடை வெயில் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கேபிள் வகைதான் கையில் இருக்கிறதென்றால், பையில் ஓர் அடி கயிறும், முனையைச் சுட்டு உருட்ட ஒரு லைட்டரும் எப்போதும் கிடக்கட்டும்.