ஜிப்ஸியை மூன்று அங்குலம் தூக்கினேன், ஐந்து வருடம் கழித்து இறக்கினேன்

என்னிடம் இருப்பது 2004-ஆம் வருட மாருதி ஜிப்ஸி கிங். 1298 சிசி பெட்ரோல் இன்ஜின், துணிக்கூரை, பவர் ஸ்டீயரிங் கிடையாது. 2019-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்த கையோடு வண்டியை உயர்த்தினேன். 2024-இல் அடுத்த புதுப்பித்தல் வந்தபோது எல்லாவற்றையும் கழற்றினேன். இடையில் ஓடியது மீட்டர்படி 38,000 கிலோமீட்டர். உண்மையில் அதைவிட அதிகம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் டயர் ஓடும் தடம் இரண்டும் வாய்க்கால் மாதிரி இறங்கிவிடும், நடுவில் மேடு நிற்கும். ஒவ்வொரு முறையும் அடியில் எங்காவது கல் இடிக்கும் சத்தம், பின் பம்பர் மண்ணை வாரும். வண்டி தாழ்வாக இருக்கிறது, தூக்கினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். எவ்வளவு உயர்ந்தது என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொள்ள, நான்கு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கிட் என் கைக்கு எட்டவில்லை. நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கா பஞ்சம்? அப்படி ஒன்றில் பழைய ஸ்பிரிங் பட்டைகளையே கூடுதலாக வளைத்து, செட்டுக்கு ஒரு பட்டை சேர்த்துக் கட்டித் தந்தார்கள். இதில் 50 மி.மீ. உயரம். பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டான ஷேக்கிளை 50 மி.மீ. நீளமாகப் போட்டோம். ஷேக்கிளை எவ்வளவு நீட்டினாலும் அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், ஆக இன்னொரு 25. நீளமான ஷாக் அப்சார்பர் நான்கு. 205/70 ஆர்15 டயருக்குப் பதில் 235/75 ஆர்15, அதற்கேற்ற அகல ரிம். கூலியோடு சேர்த்து ஒரு லட்சத்தைத் தொட்டது. அதில் பாதிக்கு மேல் டயருக்கும் ரிம்முக்கும் போனது.

பார்க்க அம்சமாக இருந்தது, பொய் சொல்வானேன். முதல் வாரம் வண்டியை விட்டு இறங்கிப் போகும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மாவால்தான் ஏற முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டோம்.

தொல்லை இரண்டாவது வாரம் தொடங்கியது. ராசிபுரம் ரோட்டில் ஐம்பத்தைந்தில் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறத் தொடங்கி, வண்டி நிற்கும் வரை உதறியது. நெற்றி வியர்த்துவிட்டது. வீல் பேலன்ஸ் என்றார்கள். மூன்று முறை செய்தும் போகவில்லை.

காரணம் ஷேக்கிள். ஜிப்ஸியில் முன்பக்க ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன்முனை கீழே சாய்கிறது, அதோடு ஆக்ஸிலும் முன்னால் குனிகிறது. முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அது நிமிர்ந்துவிடுகிறது. காஸ்டர் என்பது இந்தச் சாய்வுதான். சைக்கிளில் கையை விட்டு ஓட்டினாலும் நேராகப் போகிறதே, அதற்கு ஹேண்டில் தண்டு சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். அந்தச் சாய்வு போனால் சக்கரத்துக்கு நேராக ஓட வேண்டிய கட்டாயம் போய்விடும். கூடவே கிங்பின் பேரிங்கும் தேய்ந்து தளர்ந்திருந்தது, பெரிய டயர் அதை வெளியே கொண்டுவந்துவிட்டது.

சேலத்தில் பழைய ஜிப்ஸிகளையே பார்க்கும் ஒரு மெக்கானிக் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைத்தார். ஆப்பு வைத்து ஒருவர் எனக்கு நல்லது செய்தது அதுவே முதல்முறை. கிங்பின்னுக்குப் புது பேரிங் போட்டு, தகடுகளைக் கூட்டிக் குறைத்து, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்தார். உதறல் போயிற்று. ஆனால் ஆக்ஸில் பின்னால் சாய்ந்தபோது முன் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டுக் கோணம் மோசமானது. நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச்-இல் நாற்பதைத் தாண்டினால் அடியில் உறுமல். கடைசி வரை அது தீரவில்லை.

பிரேக் ஹோஸ் விஷயத்தை அவர்தான் காட்டினார். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி முன்சக்கரங்களைத் தொங்கவிட்டால் ஹோஸ் கிட்டார் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அதே ஹோஸோடு இரண்டு மாதம் மலை ஏறி இறங்கியிருக்கிறேன். வண்டியைத் தூக்கியவர்கள் யாராக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

காரவள்ளியிலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். உயர்த்திய ஜிப்ஸிக்கு இதைவிடக் கடினமான தேர்வு கிடையாது. டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடிவிட்டதால் முன்பு இரண்டாவது கியரில் எடுத்த வளைவுகளில் பாதி முதல் கியருக்கு இறங்கின. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் பட்டையில் உரசியது. அதற்காக ஸ்டாப்பர் போல்ட்டை வெளிப்பக்கம் திருகி நீட்டி ஒடிப்பைக் குறைத்தார்கள். பிறகு வளைவில் எதிரே பஸ் நின்றால் ஒரே திருப்பில் வராது. நாற்பதாவது வளைவுக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இறங்கும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும் சாய்வில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

மைலேஜ் முன்பு லிட்டருக்கு 11.5. தூக்கிய பிறகு கணக்குப் போட்டால் 9.3 வந்தது, பதறிப் போனேன். ஆனால் பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. திருத்திப் போட்டால் 10.2. அதே கணக்கில் அந்த 38,000 கிலோமீட்டர் நிஜத்தில் ஏறக்குறைய 41,700. ஸ்பீடோமீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்தாறில் போகும்.

சரி, மண்பாதையில் என்ன ஆனது? பின் பம்பர் மண்ணை வாருவது நின்றது. மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டவில்லை. ஓடைக் கற்களில் முன்பு தயங்கிய இடத்தில் நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓடும் 4எல் போட்டு நிதானமாக ஏறிப் போக முடிந்தது. ஆனால் தடங்களுக்கு நடுவே நிற்கும் மேடு மட்டும் முன்பு போலவே இடித்தது. ஒரு நாள் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கையில், பின்னால் பழைய மஹிந்திரா ஜீப்பில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்த பெரியவர் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"வண்டியத்தான் தூக்கியிருக்கீங்க தம்பி, உருண்டை அங்கயேதான கெடக்கு?"

ஆக்ஸிலில் உருண்டையாகப் புடைத்துத் தொங்கும் பல்சக்கரப் பெட்டியை, டிஃபரென்ஷியலைச் சொன்னார். பட்டையும் ஷேக்கிளும் ஆக்ஸிலுக்கு மேலே இருப்பதைத்தான் தூக்கும், ஆக்ஸிலைத் தூக்குவது டயர் மட்டுமே. ஒரு லட்சம் செலவழித்து உருண்டைக்கு அடியில் எனக்குக் கிடைத்தது 33 மி.மீ. அவர் ஜீப்பில் எந்த லிஃப்ட்டும் இல்லை. தடத்துக்குள் இறங்காமல் ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மறு சக்கரத்தை ஓரக்கரையிலும் ஏற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் அன்றிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் அதைத் தெரிந்துகொண்டது வேலையெல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் எதைப் பார்ப்பார் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்தோடுதான் ஐந்து வருடமும் ஓட்டினேன். கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

பட்டையும் நிற்கவில்லை. சூடேற்றிப் பதம் வைக்காமல் வெறுமனே அடித்து வளைத்த பட்டை பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். ஒன்றரை வருடத்தில் டிரைவர் பக்கம் 20 மி.மீ. இறங்கிவிட்டது. பட்டறையில் கேட்டால் "லோடு அதிகம் ஏத்தியிருப்பீங்க" என்றார்கள்.

2024-இல் ஷேக்கிள், ஆப்பு, டயர் எல்லாம் கழன்றன. பழைய பட்டைகளை எடைக்குப் போட்டுவிட்டு, கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை செட், புது புஷ், சாதா ஷாக் அப்சார்பர், 205/70 டயர் போட்டேன். ஆர்சி புதுப்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய நோட்டை எடுத்து மறுபடி அளந்தேன். லிஃப்ட் எதுவும் இல்லாத வண்டி, 2019-இல் தூக்குவதற்கு முன் இருந்ததைவிட முன்பக்கம் 20 மி.மீ., பின்பக்கம் இடப்புறம் 25, வலப்புறம் 35 மி.மீ. உயரமாக நின்றது. அதாவது என் ஜிப்ஸி தாழ்வான வண்டியே இல்லை. பதினைந்து வருடத்தில் பட்டை தொய்ந்து உட்கார்ந்திருந்தது, நான் அதன் மேல் ஒரு லட்சத்தைக் கட்டித் தூக்கியிருக்கிறேன்.

இப்போது பின் பம்பர் எப்போதாவதுதான் மண்ணைத் தொடுகிறது. ஓடையில் தண்ணீர் பெருகும் நாட்களில் வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டு நடந்து போகிறேன், உயர்த்தியிருந்தபோது அங்கே இறங்கி ஏறிவிடுவேன். அது ஒன்றுதான் இழப்பு. அம்மா முக்காலி இல்லாமல் ஏறுகிறார். போன மாதம் மறுபடி அளந்தேன். டிரைவர் பக்கம் பின்னால் 4 மி.மீ. இறங்கியிருக்கிறது. நோட்டில் குறித்திருக்கிறேன்.