சிஎஸ்வியா, பார்க்கெட்டா? தரவு வகை மாறாமல் சேமிக்க ஏற்றது எது

பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தைக் கொண்டு உருவாக்கிய அட்டவணையைக் கோப்பில் எழுதி, பின்னர் வேறொரு நிரலில் திறக்கும்போது, மதிப்புகளோடு அவற்றின் தரவு வகைகளும் (எண், உரை, தேதி போன்றவை) மாறாமல் திரும்பி வர வேண்டும். எங்கள் பணியில் இடைநிலைக் கோப்புகளை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி வடிவத்திலிருந்து, தரவை நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் பார்க்கெட் வடிவத்துக்கு மாற்றிவிட்டோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிஎஸ்வியை எந்த எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம், கோப்பின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் வரிக்கு வரி ஒப்பிடலாம். பார்க்கெட் பெரும்பாலும் குறைந்த இடத்தையே பிடிக்கும். தேவையான நெடுவரிசைகளை மட்டும் படிக்கவும் விடும். இவை பலரும் அறிந்தவை.

சிஎஸ்வியில் இருப்பது வெறும் உரை. வகை என்ன என்பதை ஒவ்வொரு முறையும் படிக்கும் நிரல்தான் ஊகிக்கிறது. 02139 என்ற அமெரிக்க அஞ்சல் குறியீடு 2139 ஆகிவிடுகிறது. முழு எண்கள் நிறைந்த நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் 17 என்பது 17.0 ஆகிறது. தேதிகள் உரையாகவே நின்றுவிடுகின்றன. நமீபியாவின் நாட்டுக் குறியீடான 'என்ஏ'வை விடுபட்ட மதிப்பு என்று பாண்டாஸ் எடுத்துக்கொள்கிறது. எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றிவந்ததால், மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களையே மாற்றும் நிலை 2020இல் ஏற்பட்டது என்பதிலிருந்து இந்த ஊகத்தின் விலையை உணரலாம்.

படிக்கும்போதே வகைகளைக் குறிப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். முடியும்தான், ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது அந்தப் பராமரிப்புச் சுமையே. எந்த நெடுவரிசை உரை, எது தேதி, எது வகைப்பட்டியல் (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் கொண்டது), அதன் வரிசைமுறை என்ன என்ற விவரம் கோப்புக்கு வெளியே, அதைப் படிக்கும் ஒவ்வொரு நிரலிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோப்பில் புதிய நெடுவரிசை ஒன்று சேர்ந்தால் அத்தனை இடங்களிலும் திருத்த வேண்டும். ஒன்றில் விடுபட்டாலும் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான வகையோடு கணக்கு தொடர்ந்து ஓடும். 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று வரிசைப்படுத்தி வைத்த நெடுவரிசை சிஎஸ்வி வழியே போய் வந்தபின், அகரவரிசைப்படி 'அதிகம்' முதலில் வந்து நிற்கும் அறிக்கையைப் பார்த்துத்தான் பலர் விழித்துக்கொள்கிறார்கள்.

பார்க்கெட்டில் இந்த விவரம் கோப்பின் இறுதிப் பகுதியில் ஸ்கீமாவாக, அதாவது நெடுவரிசைகளின் பெயர், வகை ஆகியவற்றின் விவரிப்பாகப் பதிவாகிறது. பார்க்கெட் கோப்புகளை எழுதவும் படிக்கவும் உதவும் பைஆரோ நூலகத்தின் மூலம் எழுதினால், பாண்டாஸுக்கே உரிய குறிப்புகளும் அங்கே சேர்கின்றன. அதனால் காலி மதிப்பை ஏற்கும் முழு எண் வகையும், மேலே சொன்ன வரிசைமுறையும் படிக்கும் பக்கம் எதுவும் எழுதாமலே மீள்கின்றன. எண்ணும் உரையும் கலந்து கிடக்கும் நெடுவரிசையை எழுத முயன்றால் பைஆரோ பிழை காட்டி நின்றுவிடுகிறது. முதலில் எரிச்சலூட்டும் இந்தக் கண்டிப்பை இப்போது நான் விரும்புகிறேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. நினைவகத்தில் ஏற்கெனவே 17.0 ஆகிவிட்ட எண்ணைப் பார்க்கெட் 17.0 ஆகவே காக்கும், திருத்தித் தராது. பாண்டாஸின் சிறப்பு வகைகள் பிற மொழிகளிலும் கருவிகளிலும் அதே வடிவில் வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். என் அனுபவம் ஒரே கணினியில் இயங்கும் பைத்தான் நிரல்களோடு முடிகிறது. பல கணினிகளில் பரவிய அமைப்புகளுக்கு இதே தீர்ப்பைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பைத்தானின் சொந்தச் சேமிப்பு வடிவமான பிக்கிள், அதன் வகைகளை இன்னும் முழுமையாகக் காக்கும் என்றாலும், நம்பகமற்ற கோப்பைத் திறந்தால் அதிலுள்ள கட்டளைகள் இயங்கிவிடக்கூடும் என்பதால் பிறரோடு பகிர ஏற்றதல்ல. நிரல்களுக்கிடையே தரவைப் பரிமாறும் உரை வடிவமான ஜேசனுக்குத் தேதி என்ற வகையே இல்லை; பைத்தான் அகராதியின் எண் சாவிகளும் அதில் உரையாகிவிடும். வாடிக்கையாளர் எக்செலில் திறந்து பார்க்கப்போகும் இறுதி அறிக்கையை மட்டும் இன்றும் சிஎஸ்வியாகவே தருகிறோம், ஏனெனில் அதை எங்கள் நிரல் எதுவும் மீண்டும் படிப்பதில்லை.