கோபிப் பாலைவனத்துக்கு வடக்கும் தெற்கும்: இரண்டு மங்கோலியாக்கள்

வடக்கே மங்கோலியா, தனி நாடு. தெற்கே உள் மங்கோலியா, சீனாவின் தன்னாட்சிப் பகுதி. பரப்பில் பெரியது வடக்குதான்: சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆனால் மக்கள் ஏறக்குறைய 35 லட்சம் பேர்தான். தெற்கில் 2.4 கோடிப் பேர், பெரும்பாலோர் ஹான் சீனர்கள். அப்படியும் அங்குள்ள மங்கோலியர்கள் 40 லட்சத்தைத் தாண்டுகிறார்கள், தனி நாட்டில் இருப்பவர்களைவிட அதிகம்!

பிரிவின் வேர், பின்னாளில் சீனாவையும் ஆண்ட மஞ்சுக்களின் ஆட்சியில் இருக்கிறது. தெற்கத்தி மங்கோலியர்கள் 1636-இலேயே மஞ்சுக்களுக்கு அடங்கிவிட்டார்கள். வடக்கின் கல்கா மங்கோலியர்கள் பணிந்தது 1691-இல். பின்னாளில் சீன விவசாயிகள் பெருமளவில் குடியேறியதும் தெற்கில்தான். என் பார்வையில், எல்லைக்கோட்டைவிட இந்தக் குடியேற்றமே முக்கியம். 1911-இல் வடக்கு விடுதலையை அறிவித்தது, ரஷ்யா பின்னால் நின்றது. தெற்கு 1947-இல் தன்னாட்சிப் பகுதியானது.

சரி, மரபு எங்கே மிஞ்சியது? சோவியத் செல்வாக்கில் வடக்கு 1940-களில் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துக்கு மாறியது. பழைய செங்குத்து எழுத்து தெற்கில் தொடர்ந்தது. ஆனால் அங்கே 2020-இல் சில பள்ளிப் பாடங்களைச் சீன மொழிக்கு மாற்றியபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது.

தண்டவாளத்தின் அகலமும் வேறு: வடக்கில் 1520 மில்லிமீட்டர், தெற்கில் 1435. எல்லையிலுள்ள எரென்ஹோட்டில் பயணிகள் ரயில் பெட்டிகளைத் தூக்கிச் சக்கரத் தொகுதியை மாற்றுகிறார்கள்.