மாஸ்க்கா, டியூப்பா?

பினாங்கு ஐ.சி.யூ. வாசல்களில் நம் ஆட்கள் விடாமல் கேட்பது இதுதான்: "டாக்டர், அப்பாவுக்கு மாஸ்க்கே போதாதா? டியூப் போட்டே ஆகணுமா?"

மூச்சுத் திணறுபவருக்கு இரண்டுமே அழுத்தம் கொடுத்துக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுபவைதான். வழிதான் வேறு.

மாஸ்க் முகத்தோடு இறுக்கிக் கட்டப்படும். ஆள் விழித்திருப்பார், நாலு வார்த்தை பேசுவார். பல வருடம் சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறித் திணறும்போது முதலில் இதுதான். மூக்குத்தண்டு புண்ணாகும், வயிற்றில் காற்று சேரும். நினைவு தப்பியவருக்கும் வாந்தி எடுப்பவருக்கும் பெரும்பாலும் ஒத்துவராது.

டியூப் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதன் நுனிப் பக்கம் ஒரு குட்டி பலூனை ஊதிக் கசிவை அடைப்பார்கள். அதனால் பேச்சு வராது. மயக்க மருந்தும் தேவைப்படும். கிருமித் தொற்று பயமும் உண்டு. ஆனால் கட்டுப்பாடு முழுக்க டாக்டர் கையில். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை உயரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 170 செ.மீ. உயர ஆணுக்கு உயரத்துக்கேற்ற எடை 66 கிலோ; கிலோவுக்கு 6 மி.லி. வீதம், சுமார் 400 மி.லி. அவர் நிஜத்தில் 66 கிலோ இருந்தாலும் 100 கிலோ இருந்தாலும் அதேதான். நாசி கண்டார் (பினாங்கின் கறிச்சோறு) சாப்பிட்டு உடம்புதான் பெருக்கும், நுரையீரல் பெருக்காது!

என்னைக் கேட்டால், மாஸ்க் போட்டு ஓரிரு மணி நேரத்தில் மூச்சிரைப்பு தணியவில்லை என்றால், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று டாக்டரிடம் மல்லுக்கட்டக் கூடாது.